கொஞ்சம் தள்ளு பையா என்று முதலில் சொன்னவள்

1

இந்தக் கதை பொறாமையிலிருந்து பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஏதாவது கண்டுபிடிக்க மூன்று மாதம் முயன்றேன், அகப்படவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்திய அரசின் ஒரு பிரசுரப் பிரிவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மண்வளம் பற்றிய கையேடு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நொய்டாவிலிருந்து அண்ணா கூப்பிட்டான்.

"விஜி, பிஸியா? கேசட் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆறது. டிசம்பர்ல ஒரு ஷோ வெக்கறோம். மூணு பேரும் மறுபடி ஒண்ணா. சூவனீர் போடறோம், அதுக்கு நீ ஒரு ஆர்ட்டிகிள் குடுக்கணும். எப்படி ஆரம்பிச்சது, என்னென்ன பண்ணினோம், இன்னிக்கு வரைக்கும் ஜனங்க ஏன் ஞாபகம் வெச்சிண்டிருக்கா, அந்த மாதிரி."

"எத்தனை வார்த்தை?"

"ஆயிரம் போறும். இங்கிலீஷ்லயே எழுதிடு. தமிழ்ல எழுதினா யார் படிக்கப் போறா?"

நான் தமிழில் ஆறு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். அண்ணாவுக்கு அது தெரியும். புண்படுத்தும் எண்ணம் அவனுக்குக் கொஞ்சமும் கிடையாது. "அச்சா, எழுதறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

அவன் கேட்ட கட்டுரையை எழுதிக் கொடுத்தாயிற்று. இது அதில்லை.

2

ஆரம்பங்கள். நான்கு வாரத்தில் எழுதி அடித்தவை:

"தொண்ணூறுகளின் இறுதியில் இந்தியப் பாப் இசை மலர்ந்தபோது, தில்லித் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று பிள்ளைகள்…" (செத்த வாக்கியம். மண்வளக் கையேடு இதைவிட உயிரோடு இருந்தது.)

"என் தங்கை வைதேஹிக்குப் பதினாறு வயதில் வந்த குரல், நியாயமாகப் பார்த்தால், எனக்கு…" (நியாயம் எங்கிருந்து வந்தது?)

"நாங்கள் நான்கு பேரும் மேடை ஏறியபோது…" (இதை எழுதியது ஞாயிற்றுக்கிழமை மதியம். நான்கு பேர் என்று எழுதியதும் கை சரளமாக ஓடியது. இரண்டு பக்கம். அதில் மேடையில் நானும் சிவப்பு வெல்வெட் பாவாடை போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கிழித்தேன்.)

"எனக்கு அவர்கள்மேல் பொறாமை கிடையாது." (இதற்கு அடைப்புக்குறி தேவையில்லை.)

3

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அப்பா பெயர் தட்சிணாமூர்த்தி. கும்பகோணத்துக்காரர், மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டு ரூம். நாங்கள் நால்வர்: ஜகந்நாதன், விஜயலக்ஷ்மி, வைதேஹி, ஸ்வப்னா. இரண்டாவது பெயர் என்னுடையது.

அண்ணா கல்லூரியில் இருந்தபோது பாலிகா பஜாரில் பழைய கீபோர்டு ஒன்று வாங்கி வந்தான். தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு குடும்பமே சேர்ந்து பாடினால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பாடச் சொன்னார். எனக்குப் பதினேழு, வைதேஹிக்குப் பதினைந்து, ஸ்வப்னாவுக்குப் பன்னிரண்டு. வைதேஹி பாடினாள். ஸ்வப்னா பாடினாள். நான் பாடினேன். அப்பா, "இன்னொரு தரம்" என்றார். பாடினேன். "இன்னொரு தரம்" என்றார். அண்ணா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை முடிந்ததும் அப்பா சொன்னார்: "விஜி, உன் கையெழுத்து நன்னா இருக்கு. பாட்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொண்டேன். எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்று பேட்டிகளில் கேட்பார்கள் (மொத்தம் இரண்டு பேட்டிகள்). சின்ன வயதிலிருந்தே வாசிப்பு என்று ஏதோ சொல்லியிருக்கிறேன். உண்மையில் அன்றைக்குத்தான்.

குழுவுக்குத் தட்சிண்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்பா பெயரில் பாதி. ஹிந்தியில் தெற்கு என்றும் அர்த்தம் வரும். என் பெயருக்கு முன்னாலும் அந்த 'த' இருக்கிறது, கேசட் அட்டையில் மட்டும் நான் இல்லை.

4

அடுத்தது பஸ். இதை எழுதும்போது கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நான் பொய் சொல்ல வாய்ப்பு அதிகம்.

தொண்ணூற்றெட்டு, ஜூலை. 620ஆம் நம்பர் பஸ். நானும் வைதேஹியும் ஏறினோம். நான் கல்லூரிக்கு, அவள் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்கு. மோதிபாக்கில் கூட்டம் ஏறியது. என் பின்னால் ஒரு ஆள் வந்து ஒட்டிக்கொண்டு நின்றான். விலகினேன், அவனும் விலகி வந்தான். சாணக்யபுரி வரும்வரை பொறுத்தேன். அப்புறம் திரும்பி ஹிந்தியில் திட்ட வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து பேசிய ஹிந்தி, ஒரு வார்த்தை வரவில்லை. "கொஞ்சம் தள்ளு பையா" என்றுதான் வந்தது. உரக்க வந்தது.

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் அதைத் திருப்பிச் சொன்னார். பின்சீட்டுப் பையன்கள் ஸ்டாப் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்த ஆள் மட்டும் சிரிக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் அழுதேன். வெளியே வைதேஹி மெதுவாக அதையே முனகிக்கொண்டிருந்தது கேட்டது. கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு, பையா. கேலியாக இல்லை. அவளுக்கு அது ஏற்கெனவே ராகமாகக் கேட்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணா மெட்டை முடித்துவிட்டான்.*

* இருபத்தைந்து வருஷமாக எல்லாப் பேட்டிகளிலும் வைதேஹி இதைத் தனக்கு நடந்ததாகச் சொல்கிறாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவளிடம் கேட்டேன். அவள் உண்மையிலேயே குழம்பிப் போனாள். "அக்கா, அவன் என் பின்னாடிதானே நின்னான்? நீ ஜன்னல் பக்கம் இருந்தியே." அவள் சொன்ன பிறகு எனக்கு அந்த ஜன்னல் தெரிகிறது. கம்பி சூடாக இருந்தது. இதை நான் எழுதியிருக்கக் கூடாது.

5

என்னென்ன பண்ணினார்கள் என்று அண்ணா கேட்ட பகுதி. சீக்கிரம் முடிக்கிறேன், பட்டியல் போட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்றொன்பதில் தர்யாகஞ்சில் ஒரு சின்னக் கம்பெனி கேசட் போட்டது. 'கொஞ்சம் தள்ளு பையா' பாட்டு பாதி ஹிந்தி, பாதி தமிழ். மதராஸி என்று எங்களைக் கூப்பிட்ட தெருவெல்லாம் அதைப் பாடியது. டிவியில் வீடியோ வந்தது: ஓடாத டிடிசி பஸ் ஒன்றுக்குள் சிவப்பு வெல்வெட் பாவாடையில் இரண்டு பெண்கள், கண்டக்டர் தொப்பியில் அண்ணா. ஸ்கூல் ஆண்டுவிழா, கல்யாண பாராத் ஊர்வலம், கிரிக்கெட் மேட்ச். இரண்டாயிரத்தில் இரண்டாவது ஆல்பம். துபாய், லண்டன், சிங்கப்பூர். சப்ஜி மண்டியில் அம்மாவிடம் தக்காளிக்குப் பணம் வாங்க மாட்டார்கள்.

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். துபாயில் ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள் மேனேஜரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்றைக்கு வரைக்கும் என்று கேட்டானே, அதற்கு ஒரே ஒரு சம்பவம். சென்ற மார்ச்சில் மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். ராஜீவ் சௌக்கில் ஒரு பஞ்சாபிப் பெண் ஏறினாள், இருபது வயது இருக்கும். கதவை மறைத்துக்கொண்டு நின்ற ஒருவனைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளு பையா." அவன் தள்ளினான். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது தமிழ் என்றே தெரியாது என்று நினைக்கிறேன். அது இந்த ஊர் பாஷையாகிவிட்டது. சரோஜினி நகரில் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள்.

ஆறு புத்தகங்களில் நான் எழுதிய எந்த வாக்கியமும் யார் வாயிலும் போய் உட்காரவில்லை. உட்கார்ந்த ஒரே வாக்கியம் பஸ்ஸில் பயந்துபோய் உளறியது. அதுவும் என்னுடையதுதானா என்று

6

வைதேஹி என்ற பாத்திரத்தில் எனக்குத் தொல்லை இருக்கிறது.

கதையில் வரும் அதிர்ஷ்டசாலித் தங்கைக்கு ஒரு குறையாவது வைக்க வேண்டும். கர்வம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கஞ்சத்தனம் வைத்தேன், என் பிரசவத்துக்கு ஃபரீதாபாத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். என் புத்தகங்களைப் படிக்கமாட்டாள் என்று வைத்தால் நிம்மதியாக இருக்கும். படிக்கிறாள். ஆறையும் படித்திருக்கிறாள். போன் பண்ணிப் பக்க எண்ணோடு சொல்வாள்: "நூத்திப் பதினாலுல அந்த மாமி கதவைச் சாத்தற இடம், அக்கா, நான் அப்படியே உக்காந்துட்டேன்."

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது. பொறாமைப்படுகிறவளுக்கு எதிரில் இருப்பவர் செய்யக்கூடிய மிகச் சின்ன உதவி, கொஞ்சம் கெட்டவராக இருப்பது. அவள் அதைக்கூடச் செய்யவில்லை.

7

நான் செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு, பிப்ரவரி. மூன்றாவது ஆல்பத்துக்குப் பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி பேசியிருந்தது. ஒரு நாள் சமையலறையில் வைதேஹி என்னிடம் வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, அந்தக் கம்பெனிலேர்ந்து போன் வந்தது. என்னை மட்டும் தனியா பாடச் சொல்றா. அண்ணாவும் ஸ்வப்னாவும் வேண்டாமாம். முடியாதுன்னு சொல்லிட்டேன், சரி மூணு பேருமே வாங்கோன்னுட்டா. அப்பாட்ட சொல்லாதே, வருத்தப்படுவார்."

"சரி" என்றேன்.

மறுநாள் காலை பால்கனியில் ஸ்வப்னா தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "உனக்குத் தெரியுமோ, பம்பாய்ல வைதேஹியை மட்டும் தனியா பாடக் கூப்பிட்டிருக்கா."

அவள் கை நின்றது. "அவ என்ன சொன்னா?"

முடியாது என்று சொல்லிவிட்டாள் என்பது என் வாயில் இருந்தது. வாயிலேயே வைத்துக்கொண்டேன். "அவளையே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

பதினொரு நாள் கழித்து ஸ்வப்னா, தான் பம்பாய்க்கு வரவில்லை என்றாள். பாடவும் போவதில்லை என்றாள். அப்பா கெஞ்சினார், அம்மா சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவள் காரணம் சொல்லவில்லை. கம்பெனி கையை விரித்தது. தட்சிண்ஸ் முடிந்தது. வைதேஹி கல்யாணம் பண்ணிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரானாள். அண்ணா விளம்பரங்களுக்கு மியூசிக் போடுகிறான். ஸ்வப்னா துவாரகாவில் பல் டாக்டர். கடைக்குட்டிக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அப்படியே நம்பிப் போய்ச் சேர்ந்தார்.

இருபத்திரண்டு வருஷம் இதைச் சுமந்தேன். [சுமந்தேன் என்ற வார்த்தையை மாற்ற வேண்டும். சுமந்தால் கனக்கும். இது அப்படியில்லை. அவர்களுடைய பழைய வீடியோ எங்காவது ஓடும்போதெல்லாம் உள்ளே ஒரு மூலையில் எனக்கு ஒன்று தோன்றும்: இதை நிறுத்தியவள் நான். அந்தக் குழுவின் சரித்திரத்தில் எனக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.]

8

அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, துவாரகாவுக்குப் போனேன். கட்டுரையை முடிக்க முடியவில்லை. ஏன் பிரிந்தார்கள் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் வாக்கியம் நின்றுபோனது. சொல்லிவிட்டால் எழுதிவிடலாம் என்று பட்டது. எழுதுவதற்காகத்தான் சொல்லப்போனேனா என்று கேட்காதீர்கள்.

கடைசி நோயாளி போனதும் ஸ்வப்னா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "என்னக்கா, சொல்லாம கொள்ளாம?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை, பால்கனி, நான் விழுங்கிய பாதி. பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், நடுவில் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை.

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு, தண்ணீர், துண்டு. பிறகுதான் திரும்பினாள்.

"அக்கா, அது எனக்கு அன்னிக்கே தெரியுமே."

"எது?"

"அவ முடியாதுன்னது. நீ உள்ள போனதும் நேரா அவகிட்ட போய் கேட்டேன். சொன்னா. அண்ணாவும் இருந்தான். அந்தக் கம்பெனிக்காரனை மூணு பேருமா திட்டினோம். அப்புறம் மதர் டெய்ரிக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்டோம்."

"ஐஸ்கிரீமா?"

"பிப்ரவரில. எனக்குத் தொண்டை கட்டிண்டுது."

அந்த ஐஸ்கிரீமுக்கு என்னைக் கூப்பிடவில்லை. என் நினைவில் முதலில் வந்தது அதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

"அப்ப நீ ஏன் பம்பாய்க்குப் போகலே?"

ஸ்வப்னா துண்டை மடித்துக் கம்பியில் போட்டாள். என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அன்பாகத்தான் பார்த்தாள்.

"அது எங்க மூணு பேருக்குள்ள இருக்கட்டும், அக்கா."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நாற்காலியைத் தட்டினாள். "வந்தது வந்துட்டே. உக்காரு, பல்லைப் பாத்துடறேன். கடைவாய்ல ஏதோ இருக்குன்னு போன மாசமே சொன்னியே."

உட்கார்ந்தேன். விளக்கு முகத்துக்கு மேலே வந்தது. வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் படுத்திருந்தேன். கேட்க எவ்வளவோ இருந்தது. அவள் கருவி உள்ளே இருந்தது.

"ரெண்டு சொத்தை" என்றாள்.

9

திரும்பி வரும் வழியில், மெட்ரோவில், என் பாவம் போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், யாரோ என் பையைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்களைச் சேர்த்ததிலும் நான் இல்லை, பிரித்ததிலும் இல்லை. வைதேஹியின் குரல்மேல் எனக்கு இருந்த பொறாமையெல்லாம் சின்ன விஷயம். இப்போது எனக்குத் தெரியாத ஒரு காரணத்தின்மேல் பொறாமையாக இருக்கிறது. அதை அவர்கள் மூன்று பேரும் வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையை அன்றைக்கே முடித்தேன். ஆங்கிலத்தில், ஆயிரத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். "சொந்தக் காரணங்களால் குழு கலைந்தது" என்று எழுதினேன். அண்ணா படித்துவிட்டு, "பிரமாதம். இதான் வேணும்" என்றான்.

10

டிசம்பர் நிகழ்ச்சிக்குப் போனேன். அரங்கம் நிறைந்து படியெல்லாம் ஆட்கள். என் பெண் அபூர்வா பக்கத்தில் இருந்தாள். இருபது வயது, இங்கேயே பிறந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. நான் எழுதிய எதையும் அவள் படித்ததில்லை.

வைதேஹி அந்தக் கதையைச் சொன்னாள், தன் கதையாக. நடுவில் ஒரு நொடி நிறுத்தினாள். "என் அக்கா விஜி என்கூட இருந்தாள்" என்று ஹிந்தியில் சொன்னாள். "எது யார் சொன்னது என்று எங்களுக்குள் இன்னும் சண்டை." ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், முன்வரிசையில் சிலர் திரும்பி என்னைத் தேடினார்கள். அவள் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தாள். அப்படிப் பாதி கொடுக்கப்பட்ட பிறகு முழுதையும் கேட்க வாய் வராது.

அப்புறம் பாட்டு. இரண்டாவது வரியில் அண்ணா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அரங்கம் தானாகப் பாடியது. சர்தார்ஜிகள், காலேஜ் பெண்கள், என்னைவிட வயதான ஒரு பெங்காலி அம்மாள். என் பெண் எழுந்து நின்று, கண்ணில் தண்ணீரோடு, ஒரு தமிழ் வாக்கியத்தை உச்சரிப்புப் பிசகாமல் பாடினாள்.

"அம்மா, நீயும் பாடு னா" என்று ஹிந்தி கலந்து சொல்லி என் கையை இழுத்தாள்.

பாடினேன். ஸ்ருதி சேரவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

11

இங்கே நிறுத்தினால் கதை நல்லபடியாக முடிந்துவிடும். பத்திரிகை ஆசிரியருக்கும் பிடிக்கும்: பொறாமைக்காரி கூட்டத்தோடு சேர்ந்து பாடி, மனம் கரைந்து. அப்படி ஒரு பிரதியை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பாடி முடித்து உட்கார்ந்ததும் நான் பார்த்தது மேடையை. பாட்டு முடிந்த சந்தடியில் மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். மைக்கில் கேட்கவில்லை.

இன்னொரு முடிவில், காரணத்தை நானே கண்டுபிடித்து எழுதுகிறேன். ஸ்வப்னாவுக்கு ஒரு காதல், அல்லது அப்பாமேல் கோபம், அல்லது மேடை ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்தாள் என்று. மூன்றையும் எழுதினேன். மூன்றும் நன்றாகவே வந்தன. எழுதத் தெரிந்தவளுக்கு அது பெரிய விஷயமில்லை. எதுவும் அவளுடையது இல்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஃபரீதாபாத்தில் ஒன்று, நொய்டாவில் ஒன்று, துவாரகாவில் ஒன்று என்று மூன்று பேரிடம் இருக்கிறது. ஸ்வப்னா திங்கள் முதல் சனி வரை இருப்பாள். கெட்டிக்காரி, வலிக்காமல் செய்வாள். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், பல்லைக் காட்டிவிட்டு, தமிழில் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை வழியில் பார்த்தவரிடம் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவள் சொன்னாலும் சொல்லுவாள்.

சொன்னால், தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பத்திரிகை மூலமாகவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தால், அப்புறம் உங்கள்மேலும் எனக்கு